யார் கோத்த மாலை?

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மேரி தன் மருமகளின் மணி டப்பாக்களை இடம் மாற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அஸ்வினி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது ஜன்னலோரத்து மேஜை காலியாக இருந்தது. நீலக் கண்ணாடி மணிகள், மரமணிகள், துளை போட்ட சின்னச் சிப்பிகள், மெழுகு நூல் உருண்டை, ஊசிப் பெட்டி எல்லாம் கூடத்தில் நாத்தனார் ஜெபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏறியிருந்தன. மேஜை விளக்கைக்கூட விடவில்லை.

"அத்தே, இன்னா இது?"

"இன்னிக்கு ஒரு நாள் அங்க இருக்கட்டும்."

"ஏன்?"

மேரி விளக்கின் ஒயரைச் சுற்றி ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள அந்த வீட்டுக்கு அஸ்வினி வந்து ஆறு வருடம் ஆகிறது. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குப்பனின் மகள். கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்த இடத்தில் ஃபிட்டர் எட்வர்டைப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. எட்வர்ட் வீட்டார் போகும் சபையிலேயே கல்யாணம் நடந்தது. மகள் ரெபேக்கா பிறந்ததும் வேலையை விட்டாள்.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ஊரில் பார்த்ததையெல்லாம் மணியில் கோக்கத் தொடங்கினாள். வலையின் மேல் ஓரத்தில் வரிசையாக வரும் மிதப்பு, கீழ் ஓரத்து ஈயக் குண்டு, விடிகாலையில் ஏரிக்கு இருக்கும் சாம்பல் நீலம், வெந்த எறாவின் சிவப்பு. அப்பா வலையில் போடுகிற முடிச்சைச் சின்னதாக்கி, ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒன்று போட்டாள். நூல் அறுந்தால் ஒரு மணிதான் விழும். மாலை சிதறாது.

அதைப் படம் எடுத்து, 'ஏரிமணி' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தது ஜெபா. மாலையைப் போட்டுக்கொண்டு நின்றதும் அவள்தான், வீடியோவில் பேசியதும் அவள்தான். கேமராவைத் தூக்கினால் அஸ்வினிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடத்தில் ஆறாயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறார்கள். அத்தனை பேரும் பார்ப்பது ஜெபாவின் முகத்தை.

போன வாரம் பாஸ்டரம்மா மூலமாகத் திருவள்ளூரிலிருந்து ஜெபாவுக்கு ஒரு வரன் வந்ததல்லவா? அவர்கள் பெண் பார்க்க வருவது இன்றைக்குத்தான்.

நைட் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு எட்வர்ட் வந்தான். வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். அஸ்வினி எதிரில் போய் நின்றாள்.

"இன்னாங்க, என் மேஜைய ஏன் காலி பண்ணிக்கிறாங்க?"

எட்வர்ட் நிமிரவில்லை.

"பாஸ்டரம்மா மாப்பிள்ளையோட அம்மாகிட்ட, 'ஏரிமணி அந்த ஊட்டுப் பொண்ணு செய்யறது'ன்னு சொல்லிக்கிறாங்க. அவங்க வீடியோவப் பாத்துட்டு ஜெபான்னு நெனச்சிக்கினாங்க."

"இல்லைன்னு சொல்லலியா?"

"அம்மா சொல்லல. அப்புறம் அவங்களே எனக்கு போன் பண்ணாங்க. 'பொண்ணு கலரு, படிப்பு எதுவும் நான் கேக்கலப்பா. உன் தங்கச்சி கைதான் எனக்குப் புடிச்சிது'ன்னாங்க. நான்..." ஷூ லேசில் முடிச்சு விழுந்திருந்தது. அதை நோண்டிக்கொண்டே சொன்னான். "ஆமாம்மான்னுட்டேன்."

அஸ்வினிக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் எட்வர்ட் நாலு வயது ரெபியை பைக்கில் வைத்துக்கொண்டு பழவேற்காடு போய் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். பாட்டி கேட்டாளாம், ஒரு நாள் இருக்கட்டுமாம்.

"ரெபிய எங்கம்மா ஊட்ல உட்டது இதுக்குத்தானா? 'இது எங்கம்மா செஞ்சது'ன்னு அவ சொல்லிடுவான்னா?"

அவன் ஷூவை லேசோடு அப்படியே உருவிக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான்.

ஜெபா அறையில் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. சார்ஜர் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. அஸ்வினியைப் பார்த்ததும் மடிப்பு கையிலிருந்து நழுவி அவிழ்ந்தது.

"அண்ணி, எனக்கு வியாழக்கிழமதான் தெரியும். உன்னாண்ட சொல்லணும்னு தெனம் வாயத் தொறக்கறேன். வரல."

அஸ்வினி கீழே குனிந்து புடவை மடிப்பைத் திரும்ப எடுத்துக் கொடுத்தாள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஜெபாவுக்குக் கல்யாண ஒப்பந்தம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று ரயில் வந்து போன பிறகும் எழுந்திருக்கவில்லை. தேடிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது அஸ்வினிதான். எதற்காக அங்கே இருந்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஜெபாவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"நேரமாயிடுச்சு. பின்னு குத்தட்டா?" என்றாள் அஸ்வினி.

*

ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அம்மாவும் பிள்ளையும் மட்டும்.

சலோமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறாள். கண்ணாடியைக் கழுத்தில் மணிச்சரத்தில் தொங்கவிட்டிருந்தாள். மகன் இம்மானுவேல் செல்போன் டவர்களுக்கு மெயின்டனன்ஸ் பார்ப்பவன். உட்கார்ந்ததும் ஃபேனைப் பார்த்தான், சுவரில் இருந்த வசனக் காலண்டரைப் பார்த்தான், ஜெபாவை மட்டும் பார்க்கவில்லை. கூச்சம்.

"வர வழி தெரிஞ்சிதா தம்பி?" என்றாள் மேரி.

"தெரியும்மா. ஒரு தபா சென்ட்ரல்ல திருவள்ளூர் ரயில்னு நெனச்சி கும்மிடிப்பூண்டி ரயில்ல ஏறி தூங்கிட்டேன். எழுந்து பாத்தா கும்மிடிப்பூண்டி. கடைசி ஸ்டேஷன். எறங்கி, 'இது எப்பங்க திருவள்ளூர் போவும்'னு டி.டி.ஆர்.கிட்டயே கேட்டேன். என்கிட்ட டிக்கெட்டும் தப்பு."

ஜெபா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். இம்மானுவேல் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். அவனும் சிரித்தான்.

சமையலறை வாசலில் நீர்மோர் தட்டோடு நின்ற அஸ்வினி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பதினோரு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். பின்னால் மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சலோமி மோரைக் கையில் வாங்கி ஓரமாக வைத்தாள். அவள் கண் ஜெபாவின் கழுத்தில் இருந்தது.

"அத கொஞ்சம் கழட்டிக் குடும்மா."

அது அஸ்வினி போன மாதம் முடித்த மாலை. ஏழு நீல மணிக்கு ஒரு மரமணி, நடுவில் ஈய நிறத்தில் ஒரு பொடி மணி. சலோமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மணி மணியாக உருட்டிக்கொண்டே வந்தாள்.

"இந்த மரமணி ஏன் ஏழுக்கு ஒண்ணு வருது?"

"அது... வலையில மிதப்பு அப்டிதாம்மா வரும்." வீடியோவில் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஜெபா சரியாகவே சொன்னாள். "பழவேற்காட்டு ஏரிக்கரையில பாத்ததுதான் எல்லாம்."

"முடிச்சு எல்லாம் ஒரே அளவுல இருக்கு. மெஷின்லகூட இப்டி வராது. நானும் சௌகார்பேட்டைல எத்தனையோ பேராண்ட கேட்டுட்டேன், எனக்கு இந்த முடிச்சு புடிபடல." சலோமி ஸ்டூல் மேல் இருந்த நூலையும் ஊசியையும் மணி டப்பாவையும் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். ஜெபாவின் மடியில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டும்மா. பரிட்ச வெக்கறேன்னு நெனச்சிக்காத. ஆசையா கேக்கறேன்."

ஜெபா ஊசியை எடுத்தாள். நூலை எடுத்தாள். ஒரு மணியைக் கோத்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. மணி வழுக்கி விழுந்து தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"கைல சுளுக்கும்மா அவளுக்கு," என்றான் எட்வர்ட். "நேத்து கம்பெனில கட்டவிரல் மடங்கிக்கிச்சு."

"ஐயையோ!" சலோமி ஜெபாவின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். உண்மையாகவே பதறினாள். "வீக்கம் இல்ல. உள்ளதான் புடிச்சிக்கினு இருக்கும். சுடுதண்ணில வைம்மா. இந்தக் கைய வெச்சிக்கினுதானே எல்லாம்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"ஒண்ணு பண்ணு. நீ வாயால சொல்லு, உங்க அண்ணி போடட்டும். நான் பாத்துக்கறேன்." அஸ்வினியைத் திரும்பிப் பார்த்தாள். "வாம்மா, உக்காரு."

மேரியின் முகத்தில் ரத்தமே இல்லை. எட்வர்ட் மனைவியைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் கெஞ்சினான்.

அஸ்வினி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நூலை எடுத்து ஒரு மணியைக் கோத்தாள்.

ஜெபா என்ன சொல்வாள்? அவளுக்கு முடிச்சு தெரியாது. அஸ்வினி புரிந்துகொண்டாள். தான் முதலில் செய்ய வேண்டும், அதைப் பார்த்து ஜெபா சொல்ல வேண்டும். சொன்ன பிறகு செய்வதாகத் தெரிய வேண்டும். எனவே கையை மெதுவாக்கினாள். ஒரு நாளும் அவ்வளவு மெதுவாக அவள் முடிச்சு போட்டதில்லை. நூலைச் சுண்டுவிரலில் சுற்றி, நிறுத்தினாள்.

"நூல... விரல்ல சுத்திக்கணும்," என்றாள் ஜெபா.

அஸ்வினி வளையத்தைப் பெரிதாக்கி, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அப்புறம் ஒரு வளையம். அதுக்குள்ள..."

ஊசி முனை வளையத்துக்குப் பக்கத்தில் வந்து காத்திருந்தது.

"அதுக்குள்ள ஊசி முனைய உடணும்."

உள்ளே போயிற்று. முடிச்சை மணியை நோக்கிக் கொஞ்சம் தள்ளி, அஸ்வினி மறுபடி நின்றாள்.

"தள்ளணும் அண்ணி. மணி வரைக்கும். அப்புறம் ஊசிய உருவிட்டு இழுக்கணும்."

இழுத்தாள். முடிச்சு மணியின் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

சலோமி குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "ஊசி முனையிலதான் விஷயமா! இத்தன நாளு தெரியலியே எனக்கு. நீயும் நல்லா புடிச்சிக்கினியேம்மா. யாரு கத்துக்குடுத்தது?"

எல்லாரும் அஸ்வினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெபாதாம்மா."

சொன்ன பிறகு தன் குரலே அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து கேட்டது மாதிரி இருந்தது.

"உனக்கு எந்த ஊரு?"

"மீஞ்சூர் பக்கம்," என்று மேரி முந்திக்கொண்டாள். "நம்ம சபைக்காரங்கதான்."

மருமகள் ஏரிக்கரைப் பெண் என்று தெரிந்தால் மாலை யாருடையது என்றும் தெரிந்துவிடும். மேரி அதை யோசித்து வைத்திருந்தாள். அஸ்வினி யோசிக்கவில்லை. ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால் போதும் என்றுதான் இத்தனை நேரம் நினைத்திருந்தாள்.

"வீடியோல ஒரு பெரியவரு வலை கட்றாரே, லட்சம் பேருக்கு மேல பாத்துக்கிறாங்க," என்றாள் சலோமி. "அவரு யாரு?"

அஸ்வினி எட்வர்டைப் பார்த்தாள். அந்த வீடியோவை எடுத்தவனே அவன்தான். ரெபிக்குக் காது குத்தப் போன அன்றைக்கு, மாமனார் வலை கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தான்.

"அவரு... தெரிஞ்சவரும்மா," என்றான் எட்வர்ட். "மீனு வாங்குவோம் அவராண்ட."

"அவரைப் பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழம நாம எல்லாரும் போவலாம். மாலை பொறந்த எடத்த என் மருமவ எனக்குக் காட்டட்டும்." மருமகள் என்றே சொல்லிவிட்டாள். சொன்னதை உணர்ந்து சிரித்தாள். "ஆமா, எனக்கு முடிவுதான். இவன் சிரிச்சிட்டான், அதுவே போதும். கல்யாணம் ஆனதும் ஜெபா கம்பெனிக்குப் போவ வேணாம். கடைலயே உக்காந்து செய்யட்டும். போர்டையும் 'ஏரிமணி'ன்னு மாத்திடறேன். அந்த இன்ஸ்டாகிராமு அது இதுன்னு எல்லாம் அவளோட அங்க வந்துடட்டும்." பிறகு அஸ்வினியின் தோளைத் தொட்டாள். "நீயும் வாம்மா, சனி ஞாயிறுல. ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல வழியில்லை. அதுதான் அஸ்வினிக்குப் பெரிய பேஜாராக இருந்தது. திட்டிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, கிளம்பும் முன் சலோமி எல்லாரையும் நிற்க வைத்து ஜெபம் செய்தாள். ஜெபாவின் இரண்டு கையையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கைகளை ஆசீர்வதியும். இந்தக் கைகளுக்கு நீர் கொடுத்த வேலைக்காக ஸ்தோத்திரம். எங்கள் வீட்டிலும் இந்தக் கைகள் ஓயாமல் இருக்கக் கிருபை செய்யும்."

மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். அஸ்வினி திறந்த கண்ணோடு நின்றாள். ஜெபாவும் கண்ணைத் திறந்தாள். சலோமியின் தோளுக்கு மேலாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சலோமி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, துடைத்துவிட்டாள்.

*

அவர்கள் போன பிறகு தட்டுகள் கூடத்திலேயே காய்ந்தன.

ஜெபாதான் முதலில் எழுந்தாள். போனை எடுத்தாள்.

"நான் சொல்லிடறேன் அண்ணி. அவரு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு. இப்பவே போன் பண்ணி சொல்லிடறேன்."

"சொல்லு," என்றாள் மேரி. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். "சொல்லிட்டு, போன வருசம் மாதிரி எங்கனா போயி உக்காரு. நான் தேடிக்கினு வரேன்."

"அம்மா!" என்றான் எட்வர்ட்.

"இன்னாடா அம்மா? நான் தெரியாமயா பண்ணேன்? அஸ்வினிக்குப் பண்ணது பாவம்தான். எனக்குத் தெரியாதா? எதிர்லயே உக்காந்து மூணு வருசம் பாத்தவ நானு. கண்ணு எரிய எரிய அவ கோத்தத." மேரியின் குரல் அடங்கியது. "ஆனா எனக்கு ரெண்டு பேரையும் காப்பாத்தத் தெரியல."

ஜெபா போனைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்வினியையே பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். சொல் என்றால் சொல்லிவிடுவாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள்.

சொல் என்று சொல்ல அஸ்வினிக்கு வாய் வரை வந்தது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், திருவள்ளூரில் ஒரு கடையின் மேல் எழுதப்போகிற போர்டு கண்ணில் வந்து நின்றது. நாளைக்கு அவள் இதே மாலையை வேறு பெயரில் செய்து போட்டாலும், ஏரிமணியைப் பார்த்துச் செய்தது என்றுதான் உலகம் சொல்லும். அவள் அப்பாவின் முடிச்சை அவளே திருடியதாக ஆகும்.

"நான் போயி ரெபியக் கூட்டிக்கினு வரேன்," என்றாள்.

"அண்ணி..."

"அவ தேடுவா."

எட்வர்ட் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தான்.

"வேணாம். நைட்டெல்லாம் முழிச்சது. போயித் தூங்குங்க. நான் பஸ்சுல போய்க்கறேன்."

"மாமாகிட்ட நானே பேசட்டா?"

"இன்னான்னு பேசுவீங்க? மீன் வாங்குறவர்னா?"

அவன் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

*

பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குள் போனபோது மணி ஐந்தரை. ரெபி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் முழுக்கத் தண்ணீரில் ஆடிய களைப்பு என்று அம்மா செங்கம்மாள் சொன்னாள்.

குப்பன் வீட்டுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. இன்னா தெரியுமா? நேத்து மெட்ராஸ்லருந்து ரெண்டு பசங்க வந்தானுங்க. 'நீங்க ஏரிமணி தாத்தா இல்ல?'ன்னு என்கூட நின்னு போட்டோ புடிச்சிக்கினானுங்க. எம்பொண்ணு செய்யறதுடான்னேன். உம்பேரு கேட்டானுங்க, சொன்னேன்."

அஸ்வினி அவருக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்ததெல்லாம் போய்விட்டது. ஒன்றுவிடாமல் சொன்னாள். மேஜை காலியானது, முடிச்சு போட்டது, மீஞ்சூர் என்றது, எட்வர்ட் சொன்ன வார்த்தை. அதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அதுவும் வந்துவிட்டது.

செங்கம்மாள் எறா ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

குப்பன் வலையை மடியிலிருந்து தள்ளினார். "தெரிஞ்சவரா நானு? அவன் கல்யாணத்துக்கு சபையில போயி கைகட்டி நின்னவன்டி நானு. நான் தெரிஞ்சவனா?"

"நைனா..."

"வரட்டும். ஞாயித்துக்கிழம வரட்டும். நான் கேக்கறேன்."

"கேட்டா ஜெபா கல்யாணம் நின்னுடும் நைனா."

"நிக்கட்டுமே!"

அஸ்வினி அழவில்லை. மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். குப்பன் அவளைப் பார்த்தார். இந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் இதே இடத்தில் உட்கார்ந்து, எட்வர்டைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தலை நிமிர்ந்து சொன்னவள். அன்றைக்கு அவர் எவ்வளவு கத்தியும் அவள் தலை குனியவில்லை. இன்றைக்குக் குனிந்திருந்தது.

அவர் கோபம் மெல்ல மெல்ல வடிந்தது.

"அந்தப் பொண்ணு, ஜெபா. ரயில் டேசன்ல உக்காந்திருந்துச்சே, அதானே?"

"ஆமா."

"உம்." வலை ஊசியைக் கையில் திருப்பினார். "நான் மட்டும் சொன்னா போதுமா? தெருவே சொல்லுமே, குப்பன் பொண்ணு செய்யறதுன்னு."

"நாலு ஊட்டுல சொல்லிட்டுத்தான் போவணும்."

"நீயே போயா சொல்லப் போற? நான் செய்யலன்னு?"

"ஆமா."

செங்கம்மாளுக்குத் தாங்கவில்லை. "ஏன்டி, புள்ளய இன்னா பண்ணுவ? அது தாத்தான்னு ஓடியாருமே."

"ரெபிய கூட்டிக்கினு வரமாட்டோம்."

"நீ?"

"நான் வரணும்மா. வரலன்னா அந்தம்மா கேப்பாங்க."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. இரண்டு படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. குப்பன் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"சரி. ஜெபா பொண்ணு இங்க வந்து பாத்துப் பாத்துக் கத்துக்குச்சுன்னு சொல்லிடறேன். மீன் வாங்க வருவாங்கன்னும் சொல்லிடறேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ ஆட்டோலருந்து எறங்குவ இல்ல? அவங்ககூட. அப்ப உன்ன நான் இன்னான்னு கூப்புடறது?"

அஸ்வினி நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். பெரிய வீட்டு ஆட்கள் மீன் வாங்க வந்தால் எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்து, அந்த வார்த்தையை மகளின் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"வாங்கம்மா."

செங்கம்மாள் எறாத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இப்டிச் சொன்னா சரியா இருக்குமா?" என்று கேட்டார் குப்பன்.